பேற்றுக்கால மூளைச் சேதமும் மொழி வளர்ச்சியும்: கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

‘பிறந்தவுடன் குழந்தை அழவில்லை’ என்பது தமிழ்த் தாய்மார் மருத்துவரிடம் கூறும் தொடர்களுள் பொருட்செறிவு மிக்க ஒன்று. நடக்கவும் பேசவும் காலந்தாழ்த்தும் பிள்ளையைப் பற்றி எந்தக் கேள்வி கேட்கப்பட்டாலும் விடை பெரும்பாலும் இத்தொடரிலேயே தொடங்கும். மூளை, சேதம், பிராணவாயு என்ற சொற்களுள் ஒன்றும் இதில் இல்லை. எனினும் குறைக்கான காரணத்தைப் பிறப்பின் கணத்தில் நிறுத்தும் ஒரு கோட்பாடு இதனுள் அடங்கியிருக்கிறது. அக்கோட்பாட்டின் ஐரோப்பிய வடிவத்திற்கு 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பேச்சுக்குரியது எனக் கருதப்படும் மூளைப்பகுதி பிறப்பதற்கு முன்னரோ பிறக்கும் வேளையிலோ சிதைந்துவிட்டால் குழந்தை பேசுமா, பேசுமாயின் மூளையின் எப்பகுதியைக் கொண்டு பேசும் என்பது அவ்வரலாற்றில் மொழியியலார்க்கு உரிய கேள்வி.

இக்கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகளிற் பெரும்பாலானவை ஒரே மொழி வழங்கும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டு பெறப்பட்டவை. ஒரு தெருவில் மூன்று மொழிகள் வழங்கும் ஊரில் நின்று அவ்வரலாற்றைப் படிக்கும்போது, உறுதி எனக் கருதப்பட்ட சில முடிவுகள் தளர்கின்றன. சில சொற்களே பொருந்தாமற் போகின்றன. கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல் அத்தகைய ஓர் ஊர்.

தங்கவயலின் மொழிச்சூழல்

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் இங்குச் சுரங்கத்தொழில் வேரூன்றியது. நிலத்தடி வேலைக்கு வந்தோரில் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளைச் சேர்ந்த ஆதிதிராவிடத் தமிழர். சித்தூர்ப் பகுதித் தெலுங்கர், சுற்றுப்புற ஊர்களின் கன்னடர், உருது பேசும் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர், கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த ஆங்கிலச் சுரங்கத் தொழிலர், இத்தாலியர் ஆகியோரும் உடன் வாழ்ந்தனர். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை இடப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது.

மைசூர் அரசின் எல்லைக்குள் அமைந்திருந்தும் தமிழே பெருவழக்காக விளங்கிய ஊர் இது. அயோத்திதாசர் சென்னையில் 1907இல் தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப்பின் ‘தமிழன்’ என்னும் பெயரில் ஜி. அப்பாதுரையாரால் இங்கிருந்து வெளியிடப்பட்டது என்பதும், அயோத்திதாசரின் நூல்கள் இங்கு அச்சேறின என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. கூலிகளின் குடியிருப்பு என்று மட்டுமே இவ்வூரை அறிந்தோர் இச்செய்தியைப் பெரிதும் கவனிப்பதில்லை.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் மாநில அரசின் வசமாயின. 1962இல் நடுவணரசிடம் சென்றன. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இன்று ஆயிரக்கணக்கானோர் அதிகாலைத் தொடர்வண்டிகளில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழுடன் தெலுங்கும் உருதும், அலுவலகத்தில் கன்னடம், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என்பது இங்குள்ள பிள்ளைக்கு இயல்பான நிலை. எது முதன்மொழி, எது இரண்டாம் மொழி என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறத் தயங்கும் பிள்ளைகள் இவ்வூரில் உண்டு. மூளைச் சேதமுற்ற பிள்ளையும் இதே தெருவில்தான் வளர்கிறது.

லிட்டில் முதல் ஃபிராய்டு வரை

1861இல் இலண்டன் மகப்பேற்றியல் கழகத்தில் வில்லியம் ஜான் லிட்டில் படித்த கட்டுரை, கடினமான பேறு, குறைமாதப் பிறப்பு, பிறந்த வேளையில் மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைகால் விறைப்புடன் இணைத்தது. மருத்துவ நூல்களில் முன்சான்று காணாத லிட்டில், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு என்னும் பாத்திரத்தைச் சான்றாகக் காட்டினார். தமிழ்த் தாயின் ‘அழவில்லை’ என்பதற்கு இக்கட்டுரையே மருத்துவ ஏற்பு அளித்தது எனலாம்.

அதே 1861இல் பாரிசில் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்பாதியின் முன்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டினார். பேச்சு மூளையின் இடப்பாதிக்குரியது என்னும் முடிவை அவர் வெளியிட்டது 1865இல். இம்முடிவை மேற்கோள் காட்டுவோர் பலர். அதே கட்டுரையில் அதற்கு அவர் இட்ட விலக்கைக் காட்டுவோர் சிலரே. இடப்புறத்து அப்பகுதி பிறவியிலேயே வளராதிருந்தும் பேசவல்லவராயிருந்த ஒரு பெண்ணின் நிலையை அவர் அதில் ஆராய்ந்தார். வலக்கை இல்லாது பிறந்தவர் இடக்கையால் எழுதப் பழகுவது போல, இடப்பகுதி இல்லாது பிறந்தவர் வலப்பகுதியால் பேசப் பழகுவர் என்னும் கருத்து அதிலிருந்து கிளைத்தது. மூளையில் மொழிக்கு இடம் வகுத்தவரே, பிறப்பிற்கு முன் நேர்ந்த சேதத்தில் அவ்வகுப்பு பொருந்தாது என்பதையும் முதலில் கண்டார்.

1868இல் ஜூல் கொத்தார் தம் ஆய்வேட்டில் இதற்கு மேலும் சான்றுகள் சேர்த்தார். மழலைப் பருவத்திலேயே இடப்பாதி மூளை சுருங்கி, வலக்கையும் வலக்காலும் செயலிழந்தோர் பேச்சிழப்புக்கு ஆளாகவில்லை என அவர் பதிவு செய்தார். முதியவரிடம் அதே சேதம் பேச்சைப் பறிக்கும், குழந்தையிடம் பறிப்பதில்லை. இவ்வேறுபாடே பின்னாளில் எழுந்த கோட்பாடுகள் அனைத்திற்கும் விதையாயிற்று.

உளப்பகுப்பாய்வுக்கு முன் ஃபிராய்டு நரம்பியல் அறிஞராக விளங்கினார் என்பது பலரும் அறிந்ததே. 1891இல் அவர் இரு நூல்களை வெளியிட்டார். ஒன்று பேச்சிழப்பைப் பற்றியது. மற்றொன்று ஆஸ்கர் ரீ என்பாருடன் இணைந்து குழந்தைகளின் ஒருபக்க வாதம் குறித்து எழுதியது. 1897இல் குழந்தைகளின் மூளைவாதம் பற்றிய அவரது பெருநூல் வந்தது. லிட்டில் காரணம் என்றதை ஃபிராய்டு அறிகுறி என ஐயுற்றார். கருவிலேயே வளர்ச்சி வேறுபட்ட குழந்தைக்குப் பேறும் கடினமாகலாம். ஆகவே பேற்றின் கடுமை முன்னரே நேர்ந்த ஒன்றின் விளைவாகவும் இருத்தல் கூடும் என்றார். மருத்துவ உலகம் நெடுங்காலம் இதைப் பொருட்படுத்தவில்லை. 1986இல் கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பர்கும் அமெரிக்காவில் பல்லாயிரம் பேறுகளைத் தொடர்ந்து நோக்கிப் பெற்ற முடிவுகள், மூளை முடக்குவாதத்தில் பெரும்பகுதிக்குப் பிறப்பு வேளையின் மூச்சுத்திணறல் மட்டும் காரணமாகாது என்பதைக் காட்டின. பேற்றைக் கவனித்த மருத்துவச்சி மீதும் தன் மீதும் பழி சுமந்து நின்ற தாய்க்கு இம்முடிவு மிகுந்த பொருளுடையது.

‘மீட்சி’ என்னும் சொல்லின் இடர்

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூளைச் சேதத்திற்குப் பிற்பட்ட நிலையை விளக்கும் நூல்கள் இழப்பு, மீட்சி என்ற இணையைக் கையாளுகின்றன. ஐம்பது வயதில் பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் மீண்டும் பேசினால் அது மீட்சி. முன்பு இருந்தது திரும்பி வந்தது. பிறப்பதற்கு முன்பே இடப்பாதி சிதைந்த பிள்ளை மூன்று வயதில் பேசினால் அங்கு மீட்கப்பட்டது எது? இழக்க அதனிடம் மொழி இருக்கவில்லை. அது செய்வது வளர்ச்சி. வேறொரு வழியில் நிகழும் முதல் வளர்ச்சி.

‘மறுசீரமைப்பு’ என்பதிலும் இதே இடர் இருக்கிறது. முன்பே சீராக அமைந்து கலைந்த ஒன்றையே மறுபடி சீரமைக்க இயலும். ‘நெகிழ்திறன்’ என்னும் சொல் ஓரளவு பொருந்துகிறது. எனினும் எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்திற்குத் திரும்பும் பொருளையும் அது குறிக்கும். குயவன் கையிலுள்ள மண் போன்று, ஏற்ற வடிவிலேயே நின்றுவிடும் தன்மையே இங்குக் கருதப்படுவது. அதற்குக் ‘குழைவு’ நெருங்கிய சொல். வழக்கில் நிலைத்துவிட்ட கலைச்சொல்லை மாற்றுதல் எளிதன்று. ஆயினும் ‘மொழித்திறன் மீண்டது’ என ஒரு குழந்தையைப் பற்றித் தமிழில் எழுதும்போது, மூலத்தில் இல்லாத பிழையொன்று சில வேளை தமிழில் புகுந்துவிடுகிறது. மூலத்திலேயே உள்ள பிழை சில வேளை அவ்வாறே கடத்தப்படுகிறது.

வேலூரும் மான்ட்ரியலும்

தங்கவயலிலிருந்து பங்காரப்பேட்டை, சோலையார்பேட்டை வழியே செல்லும் பாதையில் காட்பாடி இருக்கிறது, அதையடுத்து வேலூர். தங்கவயலுக்குத் தொழிலாளரை மிகுதியாக அனுப்பிய அதே வட ஆர்க்காட்டின் தலைநகர் அது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அவர் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1952 ஆகஸ்டில் அவர் செய்த அறுவை, இந்தியாவில் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட முதல் அறுவையாகக் குறிக்கப்படுகிறது. அறுவைக்கு உட்பட்டவர், மழலைப் பருவம் முதல் உடலின் வலப்பக்கம் வாதமுற்று, மருந்துக்கு அடங்காத வலிப்பால் துன்புற்ற இளைஞர். வலப்பக்க வாதம் என்றால் சேதம் இடப்பாதி மூளையில் எனக் கொள்ள வேண்டும். கொத்தார் 1868இல் விவரித்த நிலையே எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் பாலாற்றங்கரையில் அறுவை மேசைக்கு வந்தது.

இதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1950இல், தென்னாப்பிரிக்காவில் ரோலண்ட் கிரைனா, மழலைப் பக்கவாதத்துடன் வலிப்பும் உற்ற பன்னிருவருக்குச் சேதமுற்ற மூளைப்பாதியையே நீக்கிய செய்தியை வெளியிட்டிருந்தார். இடப்பாதி நீக்கப்பட்டும் பேச்சு நின்றுவிடவில்லை என்பது அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. பேச்சு முன்பே வலப்பாதியில் குடிகொண்டிருந்தாலன்றி இது இயலாது.

மான்ட்ரியல் இவ்வரலாற்றில் இன்னொரு வகையிலும் இடம்பெறுகிறது. ஜுன் வாடா ஜப்பானில் 1949இல் விளக்கிய முறை, கழுத்துத் தமனி வழியே மயக்க மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்கவைப்பது. பேச்சு நின்றால் மொழி அப்பாதியில் உள்ளது என்பது பொருள். மான்ட்ரியலில் இம்முறையைப் பயன்படுத்தித் தியோடர் ராஸ்முஸனும் பிரெண்டா மில்னரும் 1977இல் வெளியிட்ட முடிவு, மழலையில் இடப்பாதி சேதமுற்றோரிடம் மொழி வலப்பாதிக்கோ இரு பாதிகளுக்குமோ மாறியிருப்பது மிகுதி என்பதாகும். ஆனால் எல்லாரிடத்தும் அவ்வாறு மாறவில்லை. மொழிக்குரிய பகுதிகள் நேரே தாக்கப்படாதபோது சேதமுற்ற இடப்பாதியிலேயே மொழி நின்றுவிடுதலும் உண்டு.

பென்ஃபீல்டு பன்மொழிக் கல்வியில் ஆர்வமுடையவர். குழந்தையின் மூளை பல மொழிகளை எளிதில் ஏற்கும் என எழுதியதோடு, தம் மக்களுக்கு இளமையிலேயே ஜெர்மனும் பிரெஞ்சும் பழகச் செய்தவர். நலமுள்ள குழந்தைக்கு அவர் கூறிய இவ்வறிவுரை, சேதமுற்ற மூளையுடைய குழந்தைக்கு வந்தபோது மட்டும் மருத்துவ உலகில் எதிர்மாறாகத் திரும்பியது ஏன் என்பது ஆராய்தற்குரியது.

நம்பிக்கையும் திருத்தமும்

மார்கரெட் கென்னார்டு 1930களில் யேல் பல்கலைக்கழகத்தில் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகள், இயக்கப்புறணியின் சேதம் இளங்குட்டிகளை வளர்ந்தவற்றைவிடக் குறைவாகவே பாதிப்பதைக் காட்டின. ‘சேதம் எவ்வளவு முந்தியதோ அவ்வளவு நன்று’ என ஒரு விதி அவர் பெயரால் வழங்கலாயிற்று. குட்டி வளரவளரச் சில குறைகள் பின்னரே வெளிப்படும் என்பதையும் கென்னார்டே கண்டிருந்தார். விதியை வழங்கியோர் அதை விட்டுவிட்டனர். 1962இல் பாசர் வெளியிட்ட கட்டுரையும், அதனைப் பெரிதும் சார்ந்து 1967இல் எரிக் லென்னபர்கு எழுதிய ‘மொழியின் உயிரியல் அடித்தளங்கள்’ என்னும் நூலும், பிறக்கும்போது மூளையின் இரு பாதிகளும் மொழிக்குச் சம தகுதி உடையன என்னும் கருத்தைப் பரப்பின. மொழியியல் மாணவர் இரு தலைமுறையினர் இதைப் பாடமாகக் கற்றனர்.

திருத்தம் ஓர் இலக்கணக் கூறின் வழியே வந்தது. பிறந்து ஐந்து மாதம் நிறைவதற்குள் மூளையின் ஒரு பாதி நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளை, அவர்கள் ஒன்பது பத்து வயதை எட்டியபின், மோரீன் டெனிசும் ஹாரி விட்டேக்கரும் 1976இல் ஆராய்ந்தனர். ஒலியிலும் சொற்பொருளிலும் மூவரும் ஏறத்தாழ ஒத்திருந்தனர். செயப்பாட்டுவினைத் தொடர்களை விளங்கிக்கொள்வதில் மட்டும் இடப்பாதி இழந்த இருவரும் பின்தங்கினர். ஆகவே தொடரியலுக்கு இடப்பாதி இன்றியமையாதது என்பது அவர்கள் முடிவு. 1983இல் டாரதி பிஷப் இதனை மறுத்தார். அதே வயதினரான நலமுள்ள பிள்ளைகளிலும் பலர் அத்தொடர்களில் தடுமாறுவர். ஆதலின் ஒப்பீடு போதாது என்பது அவர் வாதம்.

ஆங்கிலச் செயப்பாட்டுவினை மீது கட்டப்பட்ட இவ்விவாதத்தைத் தமிழுக்குக் கொண்டுவர முயல்வோர் முதலடியிலேயே தடுக்கி விழுவர். ‘நாயால் பூனை துரத்தப்பட்டது’ என்பது எழுத்துத் தமிழ்; அதிலும் அருகிய வழக்கு. தங்கவயலின் எந்த வீட்டிலும் ஐந்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டிராது. சோதனைத் தாளில் இத்தொடரை மொழிபெயர்த்து வைத்து, பிள்ளை விழித்தால் இடப்பாதியின் குறை என்பது எவ்வாறு பொருந்தும்? ஆங்கிலத்தில் சொல்வரிசை ஆற்றும் பணியைத் தமிழில் வேற்றுமை உருபு ஆற்றுகிறது. ‘பூனையை நாய் துரத்துது’, ‘பூனை நாயைத் துரத்துது’ என்னும் இரண்டையும் வேறுபடுத்துவது ஓர் ஐகாரமே. தமிழ்ப் பிள்ளையின் தொடரறிவைச் சோதிக்க ஏற்ற இடம் இதுவே. உருள், உருட்டு, ஓடு, ஓட்டு என்னும் தன்வினை பிறவினை இணைகளும், ‘எனக்குப் பசிக்குது’ என நான்காம் வேற்றுமை எழுவாய்போல் நிற்கும் தொடர்களும் இதனோடு சேரத்தக்கன. மொழிக்கு மொழி பிள்ளைகள் பற்றும் குறிப்பு வேறுபடும் என்பதை எலிசபெத் பேட்சும் பிரையன் மக்வினியும் ஆங்கிலம், இத்தாலியம் முதலிய மொழிகளை ஒப்பிட்டு நிறுவியுள்ளனர். இருந்தும் சோதனைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வழக்கம் ஒழியவில்லை.

அதே பேட்சு, சான் டியேகோவில் 1990களில் பேற்றுக்காலச் சேதமுற்ற குழந்தைகளை முதற்சொல் முதல் தொடரமைப்பு வரை பின்தொடர்ந்தார். முதியோரிடம் காணும் வரைபடம் குழந்தைகளிடம் பொருந்தவில்லை. எப்பாதியில் சேதம் நேரினும் மொழி தொடங்கச் சற்றுக் காலந்தாழ்ந்தது. சொற்களைப் புரிந்துகொள்வதில் தாமதம் வலப்பாதிச் சேதத்தில் மிகுதி. பேசுவதில் தாமதம் இடப்பாதியின் பொட்டுப்பகுதிச் சேதத்தில் மிகுதி. ஐந்து முதல் ஏழு வயதிற்குள் இவ்வேறுபாடுகள் பெரிதும் மறைந்தன. பயில்வதற்கு வேண்டிய பகுதியும் பயின்றதைக் கையாள வேண்டிய பகுதியும் ஒன்றேயல்ல என்பது இதிலிருந்து கிடைத்த தெளிவு.

மூளை செய்வது என்ன?

கருப்பையில் சேதம் நேரும் காலத்தைப் பொறுத்து அதன் வடிவம் மாறுகிறது. முதல் ஆறு மாதங்களுக்குள் நேர்ந்தால் மூளையின் கட்டமைப்பே பிறழும். ஏழாம், எட்டாம் மாதங்களில், குறைமாதப் பிள்ளைகளிடம் காண்பது போல, மூளையறைகளைச் சூழ்ந்த வெண்பொருள் சிதையும். நிறைமாதத்தில் இரத்தக்குழாய் அடைப்பு நேர்ந்தால் புறணியும் அதன் அடியிலுள்ள பகுதிகளும் தாக்கப்படும்.

கைகளின் இயக்கத்தில் நிகழ்வது ஓரளவு தெளிவாக அறியப்பட்டுள்ளது. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் உடலின் இரு பக்கங்களுக்கும் நரம்பிழைகள் செல்கின்றன. எதிர்ப்பக்க இழைகளுடன் போட்டியிட்டுத் தன்பக்க இழைகள் முதல் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் பின்வாங்கும். ஒரு பாதி சேதமுற்றால் அப்போட்டி தளர்கிறது. நலமுள்ள பாதியிலிருந்து தன்பக்கக் கைக்குச் செல்லும் இழைகள் நிலைத்துவிடுகின்றன. புதிய பாதை ஏதும் வெட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூடப்படவிருந்த பாதை திறந்தே இருக்கிறது. மார்ட்டின் ஸ்டாட்டும் அவர்தம் குழுவினரும் 2000த்திற்குப்பின் செய்த ஆய்வுகள் இதில் ஒரு விந்தையைக் காட்டின. உணர்ச்சியைக் கொண்டுவரும் இழைகள் அக்காலத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், வெண்பொருட் சேதத்தைச் சுற்றிச் சென்று பழைய பாதியையே அடைகின்றன. ஆகவே கையை ஏவுவது மூளையின் ஒரு பாதியாகவும், அக்கையின் தொடுவுணர்வை அறிவது மறு பாதியாகவும் அமைந்துவிடுவதுண்டு.

மொழியிலும் இதை ஒத்த நிலையை அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. எலிசா நியூபோர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, பிறப்பு வேளையில் இடப்பாதியில் இரத்தக்குழாய் அடைப்புற்று வளர்ந்த இளையோரைப் பற்றியது. தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளும்போது அவர்களிடம் வலப்பாதியில், இடப்பாதியின் மொழிப்பகுதிகளுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற இடங்கள் இயங்கின. மொழி, மூளையில் கண்ட இடத்தில் குடியேறவில்லை. இதற்கு ஈராண்டு முன் ஓலுலாடேயும் பிறரும் காட்டியவாறு, நலமுள்ள நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடமும் வலப்பாதியின் அவ்விடங்கள் மொழியில் பங்கு கொள்கின்றன. வயது ஏற ஏற அப்பங்கு குறைகிறது. அங்கும் திறந்திருந்த பாதையே கைகொடுக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. மொழி வலப்பாதியில் இடம்பிடிக்கும்போது, அங்கு அமைய வேண்டிய இடவறிவுத் திறன்கள் நெருக்கப்படுகின்றன என்பது ஹான்ஸ்-லூக்காஸ் டாய்பர் 1970களில் முன்வைத்த கருத்து. காரன் லிட்ஸ்பாவும் பிறரும் 2006இல் இதற்குச் சான்று தந்தனர். நன்கு பேசும் பிள்ளை படம் வரைவதிலோ உருவங்களைப் பொருத்துவதிலோ இடர்ப்படலாம். பேச்சு வந்துவிட்டது என்று பெற்றோரும் மருத்துவரும் நிறைவுறும் வேளையில் பள்ளியில் இக்குறை தலைகாட்டுகிறது.

பல மொழிகளுக்கு இடம் உண்டா?

நெருக்கம் என்னும் இவ்வுருவகமே பன்மொழிப் பிள்ளைக்கு எதிராகத் திரும்பியது. இடம் குறைந்த வீட்டில் குடித்தனங்கள் பெருகலாகாது என்பது போல, சேதமுற்ற மூளையில் ஒரு மொழியே போதும் என்னும் அறிவுரை எழுந்தது. இங்ஙனம் கூறுவோர் எந்த மொழியை விடச் சொல்கின்றனர்? பள்ளி மொழியை விடுமாறு யாரும் கூறுவதில்லை. கருநாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் கன்னடம் கற்பித்தலைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலம் வேலைக்குரிய மொழி. எஞ்சுவது வீட்டு மொழி. தங்கவயலில் அது பெரும்பாலும் தமிழ். அறிவுரையை ஏற்கும் தாய், தனக்கு அரைகுறையாக வரும் மொழியில் பிள்ளையிடம் பேசத் தொடங்குகிறாள், பாட்டி வாய்மூடிக்கொள்கிறாள். மொழி கேட்டு வளர வேண்டிய பிள்ளையின் காதில் விழும் பேச்சு அதனால் மிகுவதில்லை, குறைகிறது.

இந்தியப் பன்மொழிச் சூழலில் மூளையும் மொழியும் பற்றிய ஆய்வுகள் முதியோரிடமிருந்தே தொடங்கின. சென்னையில் பிரித்திகா சாரி பன்மொழிச் சமுதாயத்தில் பேச்சிழப்புப் பற்றிய ஆய்வை 1986இல் வெளியிட்டார். 1988இல் பிரதிபா கரந்தும் ரங்கமணியும், வலக்கைப் பழக்கமுடையோர்க்கு வலப்பாதிச் சேதத்தால் பேச்சிழப்பு நேர்வது பன்மொழியாளரிடம் மிகுதியோ என்னும் வினாவை ஆராய்ந்தனர். உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய கட்டுரைகள் குவிந்தன. 1990இல் மிஷேல் பாரடி, ‘போதும் இவ்வாராய்ச்சி’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, பன்மொழியாளரின் மூளைப்பாதிகள் ஒருமொழியாளரினின்றும் வேறுபட்டவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை என வாதிட்டார். அவர் சலிப்பில் நியாயம் உண்டு. எனினும் கரந்து போன்றோரின் பணி வேறொரு வகையில் மதிக்கத்தக்கது. நோயாளியை அவர் பேசும் எல்லா மொழிகளிலும் சோதித்தாக வேண்டும் என்பதை அது நடைமுறையில் காட்டியது.

ஒரே மொழி என்னும் அறிவுரைக்கு எதிரான சான்று பிள்ளைகளிடமிருந்து பின்னர் வந்தது. ஜொஹான் பாரடி, மார்த்தா கிரேகோ, ஃபிரெட் ஜெனெசி, மேபல் ரைஸ் ஆகியோர் 2003இல், மொழிவளர்ச்சிக் குறைபாடுடைய பிரெஞ்சு - ஆங்கில இருமொழிப் பிள்ளைகளை அதே குறைபாடுடைய ஒருமொழிப் பிள்ளைகளுடன் ஒப்பிட்டனர். இருமொழிப் பிள்ளைகள் மேலும் பின்தங்கியிருக்கவில்லை. 2005இல் கே-ரெய்னிங் பேர்டும் பிறரும் டவுன் நோய்த்தொகுதியுடைய பிள்ளைகளிடமும் இதையொத்த முடிவையே கண்டனர். இவை பேற்றுக்காலச் சேதம் பற்றியவை அல்ல. ஆயினும் மொழியை மெல்லக் கற்கும் மூளைக்கு இரண்டாம் மொழி பாரமாகும் என்னும் எண்ணத்தின் அடித்தளத்தையே அவை அசைக்கின்றன. நெருக்கம் பற்றிய சான்றும் மொழிக்கும் இடவறிவுக்கும் இடைப்பட்டதேயன்றி, ஒரு மொழிக்கும் மற்றொரு மொழிக்கும் இடைப்பட்டதன்று.

எஞ்சுவது அளவிடும் முறை. பிள்ளையின் சொல்வளத்தைக் கணக்கிடும்போது அதன் எல்லா மொழிகளின் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதைப் பியர்சன், ஃபெர்னாண்டஸ், ஓலர் ஆகியோர் 1993இல் இருமொழி மழலையரைக் கொண்டு காட்டினர். ஒரு மொழியின் பட்டியலால் மட்டும் அளந்தால் இருமொழிப் பிள்ளை குறைபாடுடையது போலத் தோன்றும். கூட்டி எண்ணினால் அத்தோற்றம் மறையும். பிறந்தவுடன் அழாத பிள்ளையொன்று தங்கவயலில் இரண்டரை வயதில் தாயிடம் ‘தண்ணி’ என்றும், பக்கத்து வீட்டில் ‘நீரு’ என்றும், எதிர் வீட்டில் ‘நீள்ளு’ என்றும் கேட்பதாகக் கொள்வோம். யாரிடம் எச்சொல் என்னும் தெரிவும் அதனிடம் அமைந்திருக்கிறது. தமிழ்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர் அங்கு ஒரு சொல்லைக் குறித்துக்கொள்வார். கன்னடப் பட்டியலை வைத்திருப்பவரும் ஒன்றையே குறிப்பார்.